ரிவர்ஸ் கேமராவில் ஒரு மீன்

தெருவில் அவருக்குப் பெயர் ஃபியூஸ். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. கார்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். எந்த வண்டி என்ன கோளாறோடு வந்து நின்றாலும் முதலில் "ஃபியூஸ் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்பார். ஹாரன் அடிக்கவில்லை என்றாலும் அதே கேள்வி, கண்ணாடி இறங்கவில்லை என்றாலும் அதே கேள்வி. ஒருமுறை டயர் பஞ்சராகி வந்தவரிடமும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயரை அவரும் பிய்த்தெறியப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அவருக்குப் பாதி வேலை ரிவர்ஸ் கேமரா பொருத்துவதுதான். பின்பக்க பம்பரில் ஓட்டை போட்டு, கட்டைவிரல் அளவு கேமராவைச் செருகி, ஒயரை டிக்கி வழியாக இழுத்து, ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் கொண்டுவந்து சேர்ப்பார். பழைய கேமராவைக் கழற்றிப் போடச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவர் எதையும் போட மாட்டார். பட்டறை அலமாரியில் கேமராக்களும் மூலை உடைந்த திரைகளும் அடைந்துகிடக்கும். "இது பட்டறையா, கண் ஆஸ்பத்திரியா?" என்று அவர் மனைவி கேட்பதுண்டு.

உழைப்பு போக மனுஷனுக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன்பிடிப்பது. வார விடுமுறையில் விடிந்ததும் ஏரிக்கரையில் இருப்பார். கூட்டாளி சலூன்காரர். இவரைவிட மூத்தவர், அதனால் இவருக்கு அண்ணன். பாழடைந்த பம்பு அறையின் படிக்கட்டில் இருவரும் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாரம் முழுக்கக் கடையில் வாய் ஓயாமல் பேசுகிற சலூன்காரர் அங்கே வந்தால் பேச மாட்டார். பட்டறையில் காது கிழியச் சத்தம் கேட்கிற ஃபியூஸுக்கு அந்த அமைதி கரும்பாக இனிக்கும். மீன் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஃபியூஸ் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரம், சலூன்காரர் தனியாகப் போனார். அன்றைக்குப் பார்த்துத்தானா அந்த மீன் வர வேண்டும்? பம்பு அறையின் தூண் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஒரு மீன் தூண்டிலைக் கவ்வி, அவரை முழங்கால் வரை தண்ணீருக்குள் இழுத்து, மேலே ஒருமுறை புரண்டு முகத்தைக் காட்டி, மேல் உதட்டைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. "நம்ம கடை பெஞ்சு இருக்கே, அந்த நீளம் தம்பி," என்றார் மறுநாள்.

கடை முழுக்கச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் தினமும் சவரத்துக்கு வந்து உட்கார்ந்து, "மீன் நல்லா இருக்கா? காத்திருக்கறவங்க உட்கார இடம் குடுக்குதா?" என்று விசாரிப்பார். சலூன்காரரும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் சாப்பாட்டு மேசையில், "மாமா, அது இந்நேரம் வளர்ந்திருக்குமே, இப்ப பெஞ்சு நீளமா, பஸ்ஸு நீளமா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அதுதான் அவரைக் கொன்றுவிட்டது. ஊர் சொன்னால் துடைத்துப் போட்டுவிடலாம், பெற்ற பெண்ணே அப்பா கதை விடுகிறார் என்று நினைத்தால் என்ன செய்வது?

அதன்பிறகு மீன் பேச்சை எடுப்பதில்லை. ஏரிக்கு வருவதும் நின்றுபோனது. இடுப்பு வலி என்றார், விருந்தாளி என்றார். படிக்கட்டில் ஒற்றையாக உட்கார்ந்த ஃபியூஸுக்கு அந்த அமைதி முதல்முறையாகக் கசந்தது. கடைக்கே போய்க் கேட்டார்.

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்? ஊரே சிரிக்குது," என்றார் சலூன்காரர். கத்தரியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நீ சொல்லு தம்பி. நீயாவது நம்புறியா?" என்றார்.

நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஃபியூஸ் ஒயரிங்காரர். வண்டியின் சொந்தக்காரர் சத்தியமே செய்தாலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். அந்தப் புத்தி முந்திக்கொண்டது.

"கேமராவை உள்ள விட்டுப் பார்த்துடலாம்ணே," என்றார்.

சலூன்காரர் "ம்" என்றார். ஃபியூஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தார்.

வேலை ஆரம்பமானது. அலமாரியில் இருந்ததிலேயே நல்ல ரிவர்ஸ் கேமரா ஒன்று, தண்ணீர்க் குழாயின் முனையை அடைக்கிற பிளாஸ்டிக் மூடி ஒன்று, முகப்புக்குப் பழைய டார்ச்சின் கண்ணாடி. கேமராவை மூடிக்குள் உட்காரவைத்து, இரண்டு டியூப்பைக் கலந்தால் கல்லாக இறுகுகிற பசையை லென்ஸுக்குப் பின்னால் ஊற்றி நிரப்பினார். கண்ணாடியைச் சுற்றி அடைக்க ரப்பர் வளையம் தேவைப்பட்டது. சமையலறைக்குள் பூனை மாதிரி போய் ஒரு ஜாடி மூடியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, தண்ணிக்குள்ள போற கேமராவுக்கு என் சர்க்கரை ஜாடிதான் கிடைச்சுதா? எறும்பு வந்தா நீங்கதான் பேசி அனுப்பணும்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வாளியில் விட்ட முதல் சோதனையில் கண்ணாடிக்குள் பனி மூடிக்கொண்டது. திறந்து துடைத்து, அவள் புதுச் செருப்புப் பெட்டியில் கிடந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே வைத்தார்கள். அடுத்த சோதனையில், உள்ளே பொருத்தியிருந்த சின்ன விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரை வெள்ளையாகப் போனது. விளக்கை வெளியே நகர்த்தி, கண்ணாடிக்குப் பக்கவாட்டில் ஒட்டினார். கேமரா மிதக்காமல் இருக்க டயர் கடையிலிருந்து சக்கரத்தில் ஒட்டுகிற ஈயத் துண்டுகளை வாங்கிவந்து சுற்றிலும் பதித்தார். இரண்டு நீளக் குழாய்களை இணைத்து நுனியில் கேமராவை முன்னோக்கிச் சாய்த்து மாட்டினார். மூன்றாம் முறை வாளிக்குள் கிடந்த கரண்டியும் சாவிக்கொத்தும் பளிச்சென்று தெரிந்தன. திரையின் கீழே, கார்க்காரர்களுக்கு வழிகாட்டும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளும் தெரிந்தன.

"இது எதுக்கு? மீனு பார்க்கிங் பண்ணப்போகுதா?" என்றாள்.

ஃபியூஸுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த விடுமுறையில் சலூன்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். எப்படியோ மூக்கில் வியர்த்து மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். ஃபியூஸ் பழைய பைக் பாட்டரியில் திரையை மாட்டிப் படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சலூன்காரர் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கினார். கலங்கல், தூசி, பாசி, பிறகு தூணின் செங்கல். திரையின் வலது ஓரத்தில் ஏதோ பெரிதாக ஒன்று நகர்ந்தது.

"வலதுண்ணே, வலது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். வெறும் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து இடது ஓரத்தில் ஒரு நிழல். "இடது, இடது." இடது பக்கம் திருப்பியதும் அதுவும் காணோம். காலை முழுக்க இதே கூத்து. ஓரத்தில் எட்டிப் பார்க்கும், திரும்பினால் மறைந்துவிடும்.

"ரொம்பக் கூச்ச சுபாவம் போல," என்றார் மருந்துக்கடைக்காரர். "இல்ல, பிளாஸ்டிக் பையா இருக்கும். ஏரியில அதுதான் நிறைய வளருது."

அவர் போனபிறகு சலூன்காரர் குழாயை மேலே இழுத்து, நீர் சொட்டச் சொட்டப் படியில் சாய்த்து வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, கடைக்கு வர்றவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க யாரும் கேமரா கேட்கல. கேட்டது நீ ஒருத்தன்தான்," என்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபியூஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி என்று நினைத்து அவர் செய்தது சாட்சி கேட்ட வேலை. வெட்கமாக இருந்தது. எப்படிப் போய் முகத்தில் விழிப்பது என்று தெரியாமல் வாரக்கணக்கில் சலூன் பக்கமே போகவில்லை. வேறு கடைக்குப் போகவும் மனம் வரவில்லை. முடி காதை மூடி, சட்டைக் காலரில் இறங்கியது.

"அவருக்கும் உங்களுக்கும் சண்டைன்னா தலை என்ன பாவம் பண்ணுச்சு? பின்னல் போட்டு விடட்டுமா?" என்றாள் மனைவி. பிறகு குரலை இறக்கி, "போயிட்டு வாங்க. அவரும் உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருப்பாரு," என்றாள்.

போனார். சலூன்காரர் அவர் தலையை ஒருமுறை பார்த்தார். நாற்காலியைத் தட்டிவிட்டார். துணியைப் போர்த்தி வெட்ட ஆரம்பித்தார். கடையில் வேறு யாரும் இல்லை. ஃபியூஸ் எதிரே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் சலூன்காரர் இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். இடது கைக்காரர் இல்லையே என்று ஒரு கணம் குழம்பி, கண்ணாடி என்றால் அப்படித்தானே தெரியும் என்று நினைத்தவர் விறைத்துப் போனார்.

"அண்ணே, நிறுத்துங்க."

"காதுல பட்டுச்சா?"

"ரிவர்ஸ் கேமராண்ணே அது. வலத்த இடமா காட்டும், இடத்த வலமா காட்டும். வண்டி ஓட்டுறவர் முன்னாடி பார்த்து உட்கார்ந்து பின்னாடி இருக்கறத பார்க்கறார் இல்லையா, அவருக்குக் குழப்பம் வரக்கூடாதுன்னு படத்தை மாத்திக் காட்டுற மாதிரியே கம்பெனிக்காரன் செஞ்சிருப்பான். நான் தண்ணியப் பார்த்து உட்கார்ந்துட்டு உங்களத் திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மீனுக்கு எதிர்ப் பக்கமாத்தான் திருப்பியிருக்கோம்."

எத்தனையோ வருடமாகத் தினமும் கையாளுகிற சங்கதி. அந்த மாறிய படம்தான் அவர் கண்ணுக்கு நேரான படமாகப் பழகிப்போயிருந்தது. புதிதாக ஒருவர் செய்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். படத்தை நேராக்குவதற்குக் கேமராவில் ஒரு சின்ன ஒயர் வளையம் இருக்கும், அதை வெட்டினால் போதும். அந்த வளையத்தைத்தான் அவர் கல்லாக இறுகும் பசைக்குள் புதைத்து வைத்திருந்தார்.

ஃபியூஸ் துணியோடு எழுந்துவிட்டார். சலூன்காரர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"பாதித் தலையோட என் கடையில இருந்து யாரும் வெளிய போனதில்ல. உட்காரு."

மீதியைப் பொறுமையாக வெட்டி முடித்தார். பின்கழுத்தைத் துடைத்து, பிரஷ்ஷால் தட்டி, துணியை உதறினார். பிறகு கேட்காமலே ஷட்டரை இறக்கினார்.

மத்தியான வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கியிருந்தது. கரையில் ஆள் இல்லை. வளையத்தை வெட்ட முடியாது என்பதால், காரோட்டி உட்காருகிற மாதிரியே உட்கார்ந்துவிடுவது என்று ஃபியூஸ் முடிவு செய்தார். ஏரிக்கு முதுகைக் காட்டி, திரையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சலூன்காரர் தண்ணீரைப் பார்த்துக் குழாயைப் பிடித்து நின்றார். வலது இடது என்ற பேச்சே வேண்டாம், ஒருபக்கம் பாலம், மறுபக்கம் மரம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். மீன் பார்க்க வந்து மீனுக்கு முதுகு காட்டிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

தூண் வந்தது. பாசி வந்தது. ஓரத்தில் நிழல் நகர்ந்தது.

"பாலம் பக்கம்ணே, மெதுவா. இன்னும். கொஞ்சம் மரம் பக்கம். போதும், அப்படியே பிடிங்க."

பச்சைக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் அது நின்றிருந்தது. கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு, செவுள் மட்டும் திறந்து மூட, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. மேல் உதடு கிழிந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. மனுஷர் சொன்னதில் பொய்யே இல்லை.

"இருக்குண்ணே," என்றார். "உதடு கிழிஞ்சிருக்கு. போனை எடுக்கட்டுமா? ஒரு போட்டோ எடுத்தா மருந்துக்கடைக்காரர் வாயை அடைச்சுடலாம்."

"அவருக்கு எதுக்கு? அவரா வாராவாரம் என்கூட வந்து இந்தப் படியில உட்கார்ந்தாரு?"

"சரி, குழாயைக் குடுங்க, நான் பிடிக்கறேன். நீங்க வந்து பாருங்க. சீக்கிரம், நகர்ந்துடப் போகுது."

சலூன்காரர் திரும்பவில்லை. "நான் அன்னைக்கே பார்த்துட்டேன் தம்பி," என்றார். "நீ பாரு."

பாட்டரி தீரும்வரை அவர் குழாயை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.