ஜன்னலோரத்துத் திருவேங்கடம்

காலையில் ஆபீஸுக்குப் போகிற பம்பாய் லோக்கல் ரயில் செம்பூரில் நிற்பதற்குள் ஜால்ரா சத்தம் கேட்டுவிடும். திருவேங்கடம் பிளாட்பாரத்திலிருந்தே தாளம் போட்டுக்கொண்டு ஏறுவார். நெற்றியில் ஈரம் காயாத திருமண், தோளில் டிபன் பை. வாஷியில் ஏறுகிற அய்யாத்துரை அவருக்காக ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைத்திருப்பார். உட்கார்ந்ததும் "விட்டலா" என்று முதலடியை ஒரு இழுப்பு இழுப்பார். நாங்கள் பத்துப் பேர் அதை வாங்கிப் பதிலடியாகத் திருப்பிப் பாடுவோம். அய்யாத்துரைக்கு மிருதங்கம், ரயில் பெட்டியின் தகரச் சுவர்தான்.

"பெருமாளைக் கூப்பிட கோயில் எதுக்கு ஓய்? செகண்ட் கிளாஸ் பாஸ் போறும்" என்பார். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. இன்று பாடியதுபோல் நாளை பாடமாட்டார். எங்கே வளைப்பார், எங்கே இறக்குவார் என்று அந்தப் பெருமாளுக்கே தெரியாது. நடுவில் வீட்டுக்கு ஒரு போன். "ராஜி, இன்சுலின் போட்டுண்டியோ? போட்டுண்டுதான் சாப்பிடணும், தெரியுமோன்னோ?" பெட்டியே சிரிக்கும். "சிரிங்கோ, சிரிங்கோ. பெருமாளுக்கு அடுத்தபடி எனக்கு அவதான்" என்பார்.

போன மாசியில் போய்ச் சேர்ந்தார். காலையில் பூஜைக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுவாரம் கோஷ்டி கூடியபோது முதலடி எடுக்க யாருக்கும் நா எழவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, யாரும் சாடை காட்டாமலே, பத்துப் பேரும் பதிலடியைப் பாடினோம். அவர் முதலடியைப் பாடி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு இடம் விட்டு! அன்றிலிருந்து அப்படித்தான். முதலடிக்கு மௌனம், பிறகு நாங்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இந்த ஹார்பர் லைன் ரயிலில் ஆளுக்கே நிற்க இடமில்லை, ஆவி எங்கே ஏறும்? ஆனால் பதிலடி தினமும் மாறுகிறது. நேற்று மேலே போன இடத்தில் இன்று கீழே இறங்குகிறோம், சொல்லிவைக்காமல், எல்லோரும் ஒன்றாக. இது என்ன கூத்து என்று அய்யாத்துரையிடம் கேட்டேன்.

"திருவேங்கடம் சாமி பாடுதாவ. பேசாம கேளும்வே" என்றார். அந்த ஜன்னலோரம் காலியாகவே வருகிறது. நெரிசலில் மூச்சு முட்டுகிறவன்கூட அதில் உட்காருவதில்லை.

சேதி அவர் மனைவி ராஜலக்ஷ்மி மாமியின் காதுக்கு எட்டிவிட்டது. நேற்றுக் காலை செம்பூரில் எங்கள் பெட்டியில் ஏறிவிட்டாள்.

"இங்கே பாடறாராமே? ஆத்துல ஒரு தரம்கூட அவர் குரல் கேக்கலை. தெனம் பூஜை உள்ளுல காதைக் கொடுத்துண்டு உக்காந்திருக்கேன். உங்ககிட்ட வருவார், என்கிட்ட வரமாட்டாரா?" கோபமாகத்தான் கேட்டாள். கண்ணெல்லாம் நீர்.

"இதுல உக்காருங்கம்மா" என்று அய்யாத்துரை ஜன்னலோரத்தைக் காட்டினார்.

உட்கார்ந்தாள். மௌனம் விட்டோம், பாடினோம். மாமி எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தாள். "நேக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்றாள். ஐயோ, பாவிகள் நாங்கள், இந்த வம்பையே ஆரம்பித்திருக்க வேண்டாமே என்றிருந்தது.

மறுபடி மௌனம். பதிலடி எடுக்க வேண்டிய இடம் வந்தது. யாருக்கும் வரவில்லை. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, ஒன்றும் புரியவில்லை. அய்யாத்துரையின் கை தகரத்தின்மேல் அப்படியே நின்றது. இப்படி ஒரு நாளும் ஆனதில்லை.

அப்போது மாமி பாடினாள். மெல்லிய குரல். நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு வளைவு வளைத்து, பதிலடியை முழுதாகப் பாடி முடித்தாள்.

பாடிவிட்டு ஜன்னலோரத்திலிருந்து இப்பால் நகர்ந்தாள். இருக்கையில் கிடந்த முந்தானையை, யாரோ உட்காரப்போகிறார்கள் என்பதுபோல், இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.