நடீன் வுகோவிச்சும் இருநூறு மீட்டர் கடாவும்

ஸ்டோயன் வுகோவிச் அந்த ரிவால்வரை வாங்கிக்கொண்டு வந்தபோது நடீனுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஏழு மாதம். அனகோண்டா என்ற ஆலை ஊரில், உருக்காலையின் புகைபோக்கி சமையலறை ஜன்னலை நிறைத்துக்கொண்டு நிற்கும் வாடகை வீடு. 1957 அக்டோபர். மான் வேட்டைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மேஜையில் கிடந்த ரொட்டி மாவை ஒதுக்கிவிட்டு அவன் பெட்டியைத் திறந்தான். கருநீல எஃகு, நீளக் குழல். நாற்பத்துநாலு மேக்னம். வந்து இரண்டு வருடம்கூட ஆகாத புது ரகம். உலகத்தில் அதைவிட வலுவான கைத்துப்பாக்கி இல்லை என்று ஆலையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது எதுக்கு?"

"கரடிக்கு."

"கரடி கேட்டுச்சா?"

ஸ்டோயன் பெட்டியை மூடினான். ஞாயிற்றுக்கிழமை ஜல்லிக் குழிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனான். பன்றிக்கொழுப்பு டப்பா ஒன்றை மண்மேட்டில் வைத்துவிட்டு, இருபத்தைந்து அடி தள்ளி நின்று ஆறு முறை சுட்டான். டப்பா அசையவில்லை. விசையை அழுத்துவதற்குக் கொஞ்சம் முன்பாகவே அவன் கண்களை இறுக்கிக்கொள்வதையும், கை தானாகக் கீழே தாழ்வதையும் நடீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து அடிக்குது" என்றான் ஸ்டோயன்.

"காத்தா? என் தலைமுடியே ஆடலையே."

"அப்ப நீ சுடு."

முதல் வெடியில் ரிவால்வர் கழுதை உதைத்தாற்போல எகிறி, கட்டைவிரல் சந்தில் தோல் உரிந்தது. அவள் கையை ஒருதரம் உதறிவிட்டு மறுபடி பிடித்தாள். இரண்டாவதில் டப்பா பறந்தது. ஸ்டோயன் நடந்து போய் எடுத்து, துளையில் விரலை விட்டுப் பார்த்து, திரும்பக் கொண்டுபோய் இன்னும் பத்தடி தள்ளி வைத்தான். அதுவும் பறந்தது.

வேறொருவனாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். ஸ்டோயன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "உனக்கு நிறைய தோட்டா வேணும். கடைத் தோட்டா கட்டுப்படியாகாது. நான் செய்யறேன்" என்றான். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ரிவால்வரால் அவன் சுடவில்லை.

வீட்டின் கீழ்த்தளம் அவனுடைய இடமானது. ஊரிலுள்ள டயர் கடைகளில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போட்ட சமன்செய்யும் ஈயத் துண்டுகளைப் பொறுக்கி வந்து உருக்குவான். அச்சில் வார்த்த குண்டுகளுக்குத் தேன்மெழுகு பூசுவான். சுட்டுத் தீர்ந்த பித்தளை உறைகளைக் கழுவி, வெடிமருந்து நிரப்பி, ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் அடுக்குவான். பெட்டியின் மேல் பென்சிலால் தேதியும் மருந்தின் எடையும் எழுத வேண்டும், அது வழக்கம். ஸ்டோயன் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினான். 'ஜூன் 12. மழை. நடீனுக்கு என்மேல் கோபம்.' 'மார்ச் 3. பேருந்து பள்ளத்தில் இறங்கியது. குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை.' நடீன் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1977இல் ஊர்ச் சங்கத்தார் பள்ளத்தாக்கில் எஃகு உருவங்களை நிறுத்திப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். ஐம்பது மீட்டரில் கோழி, நூறில் பன்றி, நூற்றைம்பதில் வான்கோழி, இருநூறில் செம்மறிக் கடா. தொட்டால் போதாது, சாய்க்க வேண்டும். கடாவை அசைக்க மேக்னத்தால்தான் முடியும். மல்லாந்து படுத்து, தலையை ஒரு கையால் தாங்கி, ரிவால்வரைக் கால்மேல் ஊன்றிச் சுடுவார்கள். தோட்டா உருளைக்கும் குழலுக்கும் இடையே சீறும் நெருப்பு காலைக் கிழித்துவிடும் என்பதால், பழைய பூட்ஸ் தோலை வெட்டி ஸ்டோயன் அவளுக்கு ஒரு கவசம் தைத்துக் கொடுத்தான்.

முதல் போட்டியில் வரிசையில் பெண் அவள் ஒருத்திதான். பக்கத்தில் படுத்திருந்த ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சமையலறையப் பூட்டிட்டு வந்தியா நடீன்?"

"பூட்டிட்டேன். சாவிய அந்தக் கடா கழுத்துல மாட்டியிருக்கேன். சாய்ச்சுட்டு எடுத்துக்க."

அவனால் எடுக்க முடியவில்லை. அன்று நடீன் மூன்று கடாக்களைச் சாய்த்தாள். இருநூறு மீட்டரில் சுட்டால் ஒரு மூச்சு நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு கடா, யோசித்து முடிவு செய்ததுபோல, மெல்லப் பின்னால் சாயும். அதற்கும் பிறகுதான் மணியடித்த மாதிரி ஓசை வந்து சேரும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் சுடுகிறேன் என்று அவள் ஸ்டோயனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, "அரை விரக்கடை மேல" என்று முணுமுணுப்பான். சுடத் தெரியாதவனுக்குக் குண்டு எங்கே போகிறது என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

வருடங்கள் போகப் போக வீட்டில் ரிவால்வர்கள் ஆறாயின. முந்நூற்றைம்பத்தேழு மேக்னம் இரண்டு, நாற்பத்துநாலு மூன்று, யாரும் சீந்தாத நடுப்பிள்ளை மாதிரி நாற்பத்தொன்று ஒன்று. ஆனால் போட்டிக்கு அவள் எடுத்துப் போனது முதலாவதைத்தான்.

அதைப் பார்க்கத்தான் 1983இல் மிசூலாவிலிருந்து லாயிட் அமுண்ட்சன் வந்தார். பல் டாக்டர். பழைய மேக்னங்களைச் சேர்ப்பவர். அவரிடம் நாற்பது இருந்தன. ஒன்றுகூடத் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு சுடப்பட்டதில்லை. வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு நடீனுடைய ரிவால்வரைத் திருப்பினார். திருகாணிகளை எண்ணினார். மொத்தம் ஐந்து. ஆரம்பத்தில் செய்த சில ஆயிரத்தில் மட்டும்தான் அப்படி, பிறகு குறைத்துவிட்டார்கள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"மிஸஸ் வுகோவிச், இத வெச்சு இன்னுமா சுடறீங்க?"

"பின்ன? ரொட்டியா சுட முடியும் டாக்டர்?"

"ஒவ்வொரு குண்டுக்கும் இது தேயுதுங்க. இப்படி ஒண்ணு இனிமே கெடைக்காது. பெட்டியில இருக்க வேண்டிய பொருள்."

அதுவரை வாயைத் திறக்காத ஸ்டோயன் கேட்டான்: "உங்க பல்லையும் இப்படித்தான் வெச்சிருக்கீங்களா டாக்டர்? கடிச்சா தேயும்னு?"

டாக்டர் ஒரு கணம் முழித்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து விலைக்குக் கேட்பார். நடீன் தலையாட்டி மறுப்பாள். வால்நட் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். போகும்போது தவறாமல் ஒன்று சொல்வார். "தோல் உறையில மட்டும் வெச்சுப் பூட்டிடாதீங்க. தோலுக்குள்ள உப்பு இருக்கும், ஈரத்த இழுக்கும். எண்ணெய்த் துணியில சுத்தி வைங்க."

1994 பிப்ரவரியில் ஸ்டோயன் இறந்துபோனான். நுரையீரல். ஆலையில் வேலை பார்த்தவர்கள் பலருக்கும் வந்ததுதான். அடக்கம் முடிந்து வந்த நடீன், ரிவால்வரை அவன் தைத்த தோல் உறைக்குள் போட்டு, கீழ்த்தளத்து மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்துவிட்டு மேலே வந்தாள். டாக்டர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. அந்த உறையை விட்டு வேறெதிலும் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அதன்பின் அவள் கீழே இறங்கவில்லை. போட்டிகளுக்கும் போகவில்லை.

இரண்டு வசந்தம் அவள் கதவைத் திறக்காததால் டாக்டர் திரும்பிப் போனார். மூன்றாவது முறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து நடீன் கதவைத் திறந்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்க அத?"

இருவரும் கீழே இறங்கினார்கள். உறையைப் பார்த்ததும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தோல் எஃகோடு ஒட்டியிருந்தது. இழுத்து எடுத்தபோது குழலின் ஒரு பக்கமும் உருளையும் செம்பழுப்பாகத் துருவேறிக் கிடந்தன. நடீன் ஸ்டோயனுடைய நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

நான் அப்பவே சொன்னேனே என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "எண்ணெய் இருக்கா? பழைய செப்புக் காசு ரெண்டு வேணும். செம்பு எஃகைக் கீறாது, துருவ மட்டும் எடுக்கும்" என்றார்.

இரண்டு நாள் ஆனது. எண்ணெயில் ஊறப்போட்டு, காசின் விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, துடைத்து, மறுபடி ஊறப்போட்டார்கள். டாக்டரின் வெள்ளைக் கையுறை முதல் நாளே குப்பைக்குப் போயிற்று. துரு போன இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் நின்றுவிட்டன.

"மறுபடி நீலப் பூச்சு ஏத்தினா குழி தெரியாது" என்றார் டாக்டர். "ஆனா நானா இருந்தா ஏத்த மாட்டேன். மிச்சம் இருக்கற பழைய பூச்சையும் உரிச்சுடுவாங்க."

"இப்ப இத வாங்கிக்கிறீங்களா?"

"இந்த நெலமையிலயா? இல்லைங்க."

"அப்பாடா. இனி வருஷா வருஷம் கேக்க மாட்டீங்க."

அவர் காசைத் துடைத்து மேஜையில் வைத்தார். இரண்டு வருடத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மேஜைக்கு மேலே பலகையில் நான்கு பெட்டித் தோட்டா மீதம் இருந்தது. நடீன் ஒவ்வொன்றாக இறக்கிப் படித்தாள். கடைசிப் பெட்டியில் எழுத்து கோணியிருந்தது. 'ஜனவரி 9. இருமல் விடவில்லை. இதைக் கடாவுக்கு மட்டும் வைத்துக்கொள். கோழிக்கு வீணாக்காதே.'

"சுடாதீங்க" என்றார் டாக்டர் உடனே. "இத அப்படியே வைங்க."

நடீன் அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவினாள்.

"அவன் வெச்சுப் பாக்கறதுக்கா இதச் செஞ்சான்? இருமிக்கிட்டே, கடாவுக்குன்னு எழுதி வெச்சிருக்கான். ஜூன்ல போட்டி இருக்கு டாக்டர். நான் போறேன். ஆனா எனக்குப் பின்னால உக்காந்து குண்டு விழற இடம் சொல்ல ஆள் வேணும். நீங்க வாங்க. வரும்போது உங்களோடதுல ஒண்ணையும் எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"கேக்கறதப் பாரு."

ஜூன் மாதம் வந்தார். 1939இல் செய்த முந்நூற்றைம்பத்தேழு ஒன்றைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியைக் கண்ணில் ஒட்டி உட்கார்ந்தார். ஐந்து கடாக்கள். நடீனின் முதல் குண்டு எங்கோ போனது.

"கொஞ்சம் எடது பக்கம் போச்சு."

"கொஞ்சம்னா? பல்லுல பாதியா, முழுப் பல்லா?"

டாக்டர் யோசித்தார். "கடவாய்ப் பல்லு."

நடீன் குறியை நகர்த்தினாள். இரண்டாவதும் தவறியது, கடாவின் காலடி மண்தான் தெறித்தது. மூன்றாவது வெடியின் புகை முகத்தில் அடித்தபோது அதில் தேன்மெழுகு வாசனை இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் கடா சற்று நின்று, பிறகு சாய்ந்தது. ஓசை வந்து சேர்ந்தது. நான்காவதும் ஐந்தாவதும் சாய்ந்தன. முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மல்லாந்தபடியே வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். அடுத்த வரிசைக்காரர்கள் துப்பாக்கியும் கையுமாகக் காத்து நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

போட்டி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு டாக்டர் தன் பெட்டியைத் திறந்தார். கடையில் வாங்கி வந்த ஐம்பது தோட்டாப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக உருளையில் போட்டார்.

"ஒரு தடவ சுட்டுட்டா அப்புறம் சுடாததுன்னு சொல்லிக்க முடியாது."

"சொல்லாதீங்க. யார் கேக்கப் போறா?"

அவர் சுட்டார். ஐம்பது மீட்டரில் நின்ற கோழி அவரைச் சட்டை செய்யவில்லை. சுட்ட அடையாளமாக உருளையில் கருமைக் கோடு விழுந்துவிட்டதா என்று பார்த்தார். விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காதடைப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். நடீன் சத்தம் போட்டாள், அவர் கேட்கவில்லை. ஓசையை முழுசாகக் கேட்க வேண்டும் என்றார். இன்னொன்று சுட்டார். அப்புறம் அந்த ஐம்பது தோட்டாப் பெட்டியும் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

அப்படியே பக்கத்து ஊரான பியூட்டுக்குப் போய்ப் பன்றி இறைச்சி வறுவல் ரொட்டி சாப்பிட்டார்கள். டாக்டருக்குக் காது அடைத்துப்போயிருந்ததால் ஊருக்கே கேட்கும்படி ஊறுகாய் வேண்டாம் என்று சொன்னார்.

"கத்தாதீங்க டாக்டர். எல்லாரும் பாக்கறாங்க."

"என்னது?"

"கத்தாதீங்கன்னேன்."

"இன்னும் முப்பத்தொம்பது இருக்கு" என்றார் அவர், அதே குரலில். "ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணுன்னு வெச்சா எப்ப முடியும்?"

நடீன் விரல் விட்டு எண்ணினாள். பனி விழுவதற்குள் பாதிகூட முடியாது என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டாள்.