வசந்தாமணி வில் ஆட்டிய கச்சேரி

சேலம் அம்மாபேட்டையில் வசந்தாமணியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. போர்வை நெய்யும் விசைத்தறிக் கொட்டகைக்கு அவள்தான் முதலாளி. நூல் கடைக்காரர் மட்டமான நூல்கட்டு அனுப்பிவிட்டால் போச்சு! நேரே கடைக்குப் போய், அந்த நூல்கட்டை மேசையில் விட்டெறிந்து, நாலு பேர் முன்னால் அவரை நாறடித்துவிட்டுத்தான் திரும்புவாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வயலின் வாசிப்பாள்.

அந்த வயலின் மகள் சௌமியாவுக்காக வாங்கியது. அவள் ரெண்டு வகுப்போடு "போரடிக்குதும்மா" என்று வைத்துவிட்டாள். "வாங்குனது பரண்ல கெடக்கவா?" என்று அம்மாக்காரியே வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கூட உட்கார்ந்த பொடிசுகள் சிரித்தன. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விடுகிற ஆளா அவள்? அதுகளையும் திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொண்டாள்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் ஞாயிறுதோறும் கூடும் ஊர் சிம்பொனிக் குழுவில் அவள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறாள். டாக்டர், வங்கிக்காரர், சர்ச்சில் வாசிப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆசைக்காக வாசிக்கிற கூட்டம் அது. முன்னால் குச்சி பிடித்து நடத்துபவன் தமிழரசு. ஆண்டு விழாவுக்கு மட்டும் சென்னையிலிருந்து ஒரு விருந்தாளி வந்து நடுவில் நின்று தனி வயலின் வாசிப்பார். ஊர்க்காரர்கள் பின்னால் உட்கார்ந்து துணைக்கு வாசிப்பார்கள். வந்தவர்களில் ஒருவரைக்கூட வசந்தாமணிக்குப் பிடித்ததில்லை. "சேலத்துல மாம்பழம் மட்டும்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று சொன்னவளை இன்றைக்கும் கரித்துக்கொட்டுகிறாள்.

"அடுத்த வருசம் நீங்கதான்க்கா தனி" என்று போன விழாவில் தமிழரசு வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் பைத்தியம் பிடித்தவளாகச் சாதகம் செய்தாள். கொட்டகையில் எல்லோரையும் கூப்பிட்டு, "விழா அன்னிக்குத் தறி நிறுத்தம். நான் நடுவுல நின்னு வாசிக்கப் போறேன். எல்லாரும் வந்து கேக்கணும்" என்று சொல்லியும் விட்டாள்.

அப்புறம்தான் விழாச் செலவை ஏற்கும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி முதலாளி சின்னுசாமி வாயைத் திறந்தார். "வெளியூரு ஆளு வந்தாத்தானுங்க கூட்டம் சேரும். உள்ளூருப் பொம்பளைய ஆருங்க வந்து பாப்பாங்க?" தமிழரசு தலையாட்டிவிட்டான். தனி வாசிக்கச் சென்னையிலிருந்து மதன் என்பவன் வந்து இறங்கினான். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டார்கள்.

ஒத்திகையில் மதன் பாதியில் நிறுத்தினான். "அந்த ஓரத்து ஆன்ட்டி! உங்க சத்தம் மட்டும் கரகரன்னு தனியாக் கேக்குது. நீங்க வில்லை மட்டும் ஆட்டுங்க, கம்பியில படவேண்டாம்."

எல்லோரும் குனிந்து தங்கள் தாளைப் பார்த்தார்கள், தமிழரசு உட்பட. வசந்தாமணி வில்லைக் கம்பியிலிருந்து எடுத்தாள். 'இருடா மகனே' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். தறிக்காரர்களிடம் வரவேண்டாம் என்று சொல்லவும் மானம் இடங்கொடுக்கவில்லை.

நம் ஊரில் கைதட்டினார்கள் என்றால் நிகழ்ச்சி முடிந்தது, முடிந்தால் பொன்னாடை. இந்தக் கச்சேரிக்கோ மூன்று பாகம். முதல் பாகம் தடதடவென்று முடிந்ததும் அரங்கம் கைதட்டும், சின்னுசாமி பொன்னாடையோடு எழுந்துவிடுவார். வருடா வருடம் மேடைப் படிக்குப் பக்கத்தில் இருக்கும் வசந்தாமணிதான் வில்லைக் குறுக்கே நீட்டி, இன்னும் இருக்கிறது என்று கண்ணால் அதட்டி அவரை உட்காரவைப்பாள்.

இந்த வருடமும் முதல் பாகம் முடிந்தது. கைதட்டினார்கள். சின்னுசாமி எழுந்து அவளைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்தாள்.

மனுஷன் மேடையேறிவிட்டார். அடுத்த பாகத்துக்குக் கண்ணை மூடி நின்ற மதன்மேல், வயலினையும் வில்லையும் சேர்த்து மூடிப் பொன்னாடையைப் போர்த்தினார். ஜரிகையில் வில் மாட்டியது. கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது. மதன் பொன்னாடையைப் பிடுங்கித் தரையில் வீசினான். "மூளை இருக்கா உங்களுக்கெல்லாம்? பட்டிக்காட்டுக் கூட்டம்!" மைக் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க தம்பி, போத்துன துணியக் கீழ போடறது எந்தூரு மருவாதைங்க?" என்றார் சின்னுசாமி. அரங்கம் ஊளையிட்டது. உள்ளே போன மதன் திரும்பவில்லை.

தமிழரசு வியர்த்து ஊற்ற அவளிடம் குனிந்தான். "அக்கா, காப்பாத்துங்க. மிச்சத்தை நீங்க வாசிங்க, நீங்க சாதகம் பண்ணுனதுதானே."

ஏங்கிக் கிடந்தது கையில் வந்து விழுந்துவிட்டது. வசந்தாமணி எழுந்து நடுவில் போய் நின்றாள். குழு மெல்ல ஆரம்பித்தது. அவள் முறை வந்ததும் வில்லை எடுத்தாள். கம்பிக்கு மயிரிழை மேலே நிறுத்தி ஆட்டினாள். விரல்கள் ஒவ்வொரு சுரத்தையும் தப்பாமல் பிடித்தன. சத்தம் மட்டும் இல்லை.

"அக்கா!" என்று கெஞ்சினான் தமிழரசு.

"வில்லை மட்டும் ஆட்டச் சொன்னப்ப நீயுந்தானே குனிஞ்சுக்கிட்ட?" என்றாள், ஆட்டிக்கொண்டே.

"மைக்கைப் பாருங்கப்பா, சத்தம் வரல!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மைக்செட்காரன் ஓடிவந்து தட்டிப் பார்த்தான். தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அடடா, என்ன சுகம்! பாகம் முடியும்வரை ஆட்டினாள். மூன்றாம் பாகத்தைத் தமிழரசு எடுக்கவே இல்லை.

வெளியே டெம்போ பக்கத்தில் தறிக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டால் மதனையும் தமிழரசையும் கிழித்துத் தொங்கவிட வசவெல்லாம் நாக்கில் தயாராக இருந்தது. கொட்டகையிலேயே தலைநரைத்த காளியண்ணன் அதைக் கேட்கவில்லை. காதை விரலால் குடைந்துகொண்டு, வெட்கத்தோடு பேசினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. மைக்கு கெட்டுப்போச்சுன்னு பின்னால இருந்தவங்க சொன்னாங்க. நாங்க முன்வரிசை, மைக்கு இல்லாமயே கேட்டிருக்கணும். தறிச் சத்தத்துல செத்த காதுங்க, உங்க வாசிப்பு ஏறவே இல்ல. பக்கத்துல கேட்டேன், அவனுக்கும் ஏறலைன்னான். கை போனதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தோம். நல்லாத்தான் வாசிச்சிருப்பீங்க."

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அடுத்த வருசம் எங்களுக்காகக் கொஞ்சம் சத்தமா வாசிங்கக்கா."

வசந்தாமணி வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.