கோட்டு மனுவும் புளியமரமும்

மலைக்குக் கீழே இருக்கும் அந்தக் கோர்ட்டு வக்கீல்கள் ஒற்றுமையாகச் செய்யும் காரியம் வருஷத்துக்கு ஒன்றுதான். ஏப்ரல் பிறந்ததும் சங்கத்தில் கூடி, வெயில் தாங்கவில்லை, கறுப்புக் கோட்டில்லாமல் வர அனுமதி வேண்டும் என்று ஜட்ஜுக்கு மனு எழுதுவார்கள். மற்றதில் ஆளுக்கொரு திசை. இதில் மட்டும் முப்பத்துநாலு கையெழுத்தும் அரை மணியில் விழுந்துவிடும்.

இந்த வருஷம் மனுவைக் கொண்டுபோக வேண்டியவள் சங்கச் செயலாளர் லுப்னா. வாணியம்பாடித் தோல் வியாபாரி வீட்டுப் பெண். பதினெட்டு வருஷமாக வக்கீல். யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். அதனாலேயே பெரிய கட்சிக்காரர்கள் அவள் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வழக்கோடு அவளிடம் வந்தது மலைமேல் இருக்கும் காவலூர் மேட்டுப் பாஞ்சாலைதான்.

பாஞ்சாலை ஊரில் மழை பிசகி இரண்டு வருஷமாகச் சாமை கருகிப்போயிருந்தது. சோறு போட்டது புளியமரங்கள்தான். சொகுசு விடுதிக்குப் பாதை போட அவற்றை வெட்ட வரும் செவ்வாய்க்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். விடுதி கட்டும் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து ஆறு வக்கீல்.

"மரம் போச்சுன்னா செங்கல் சூளைக்குத்தான் போவணும் மேடம். நான் போவ மாட்டேன்," என்றாள் பாஞ்சாலை.

வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தில் லுப்னா கோட்டு மனுவைத் தள்ளிவைத்தாள். பாஞ்சாலை ரேகை வைத்த வக்காலத்தை மேசையில் போட்டாள்.

"முதல்ல இதுல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

தலைவர் நசருல்லா சிரித்தார். "இன்னாம்மா, ஒரு கேசுக்கு முப்பத்திநாலு வக்கீலா? சங்கம் யார் கேசுலயும் தலையிடாது."

"நமக்கு வேர்த்தா தலையிடுது சார். அதே வெயில்ல அவங்க பயிர் கருகுனா தலையிடாதா? போடலன்னா போங்க, நான் தனியா நிக்கறேன். ஆனா கோட்டு மனு என் பையிலயே இருக்கும். எல்லாரும் வேர்த்துக்கினே நில்லுங்க."

பலருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. விருட்டென்று எழுந்து வாசல்வரை போன வக்கீல் அருள் திரும்பி வந்தார். "எங்க மாமியார் வூடு ஒடுகத்தூரு. மூணு வருஷமா வேர்க்கடல வூடு வந்து சேரல," என்று முணுமுணுத்தபடி முதல் கையெழுத்தைப் போட்டார். நசருல்லா கடைசியில் போட்டார், முறைத்துக்கொண்டே.

அப்புறம் நடந்ததை லுப்னாவே எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேர் பழைய வன உத்தரவுகளைத் தோண்டினார்கள். நாலு பேர் டூவீலரில் மலையேறி, வீடு வீடாக வாக்குமூலம் எழுதி வந்தார்கள். மழைக்கணக்கை அருள் வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை ஜட்ஜ் கேட்டார்: "வாதி தரப்பில் யார்?"

முப்பத்துநாலு கறுப்புக் கோட்டும் எழுந்தன.

"கூட்டத்தைக் காட்டினால் சட்டம் மாறிவிடாது," என்றார் சென்னை வக்கீல்.

"கூட்டத்தைப் பார்க்க வேண்டாம். காகிதத்தைப் பாருங்கள்," என்று லுப்னா ஆவணக் கட்டை நீட்டினாள்.

ஜட்ஜ் ஒரு மணி நேரம் படித்தார். மறு உத்தரவு வரும்வரை மரங்களைத் தொடக் கூடாது என்றார். பாஞ்சாலை வாய்விட்டு அழுதாள்.

வராந்தாவில் நசருல்லா வேர்வையில் தொப்பலாக நனைந்து நின்றார். "இப்பவாவது அந்த மனுவ எடும்மா."

லுப்னா பையிலிருந்து எடுத்தது, அடிவாரத்து ஏரியைத் தூர்ப்பதற்கு எதிரான இன்னொரு வக்காலத்து.

"முதல்ல இதுல போடுங்க சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார்.