இருபது நாள் தள்ளித் தோற்ற அணி

இந்த அமெரிக்க ஊர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், வேலையாட்கள் மதியம் சாப்பிடும் அறையில், யாரும் யாரையும் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதில்லை. ‘நேற்று கேட்டாயா?’ என்றுதான் கேட்பார்கள். ரேடியோவில் பேஸ்பால் கேட்டாயா என்று அர்த்தமாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு இது எங்கே தெரியும்? ஒரு திங்கட்கிழமை உள்ளே போனால், நோயாளிகளைத் தள்ளுகட்டிலில் வைத்து மாடி மாடியாகக் கொண்டுபோகும் ஃபிராங்க், ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சமையல்கட்டு டோரிஸ் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஏதோ சாவு என்று முடிவு கட்டிவிட்டேன். நம் பக்கத்துப் பழக்கம் விடுமா? நேரே போய் ஃபிராங்கின் கைகளைப் பற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கையை விலக்கிக்கொள்ளவில்லை. “ஆமாம்,” என்றார், “கடைசி இன்னிங்ஸில் போய்விட்டது. மூன்று ரன் முன்னால் இருந்தோம்.” நான் துக்கம் விசாரித்தது ஒரு பந்தாட்டத்துக்கு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் நானும் அந்த அணியின் ஆள் என்று அறை முழுக்கத் தீர்மானமாகிவிட்டிருந்தது.

அந்த அணியைப் பற்றி என்ன சொல்ல! எண்பதுகள் பிறந்த புதிது. அந்த வருடங்களில் அவர்கள் தோற்காத விதம் ஒன்று பாக்கியில்லை. சித்திரை பிறக்கும் சமயத்தில் தொடங்கி புரட்டாசி வரைக்கும் ஏறக்குறைய தினமும் ஆடுவார்கள். தினமும் ஆடினால் தினமும் தோற்கலாம் அல்லவா? லீக்கில் எந்த அணி எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலை டோரிஸ் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, ஐஸ் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவைப்பார். தினமும் காலையில் அழித்து எழுதுவார். எங்கள் அணியின் பெயரை மட்டும் அழிக்க வேண்டிய வேலையே அவருக்கு வராது. அது கடைசியில் அப்படியே இருக்கும். கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த நான் ஒருநாள், “டிரா செய்துகொள்ளக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். ஃபிராங்குக்கு அது விளங்கவே இல்லை. “ஐந்து நாள் ஆடிவிட்டு யாரும் ஜெயிக்காமல் வீட்டுக்குப் போவீர்களா? சந்தோஷமாகவா?” என்றார். சந்தோஷமாகத்தான் என்றேன். அவர் டோரிஸைப் பார்த்தார், டோரிஸ் தோளைக் குலுக்கினார்.

இந்த ஆட்டத்தைப் பற்றி அக்கா இருக்கும் ஜவ்வாது மலைக்கு நான் எழுத ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு, அது அவ்வளவு பெருமையான காரணம் இல்லை. வேலூரில் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு, அந்தச் சான்றிதழை நம்பி விமானம் ஏறியவன் நான். இங்கே அவர்களுடைய பரீட்சை ஒன்றில் தேறினால்தான் ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைக் கையில் கொடுப்பார்கள். எழுதினேன், தேறவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடியும் அதே கதை. பாவம் பார்த்து அதே லேபில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஜமுனாமரத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு நான் எழுதியது என்ன தெரியுமா? ‘பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்.’ ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதிய பிறகு வேலையைப் பற்றி எதுவுமே எழுத முடியாமல் போயிற்று. நீலநிற ஏர்மெயில் தாளோ வெறுமையாகக் கிடக்கிறது. எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். பேஸ்பாலை எடுத்துப் போட்டேன்.

எங்கள் குடும்பம் கலசப்பாக்கத்துப் பக்கம். அக்கா மலைமேல் வாழ்க்கைப்பட்டவள். பஸ் நிற்கும் இடத்தில் மாமா டீ ஆற்றுவார், அக்கா கிளாஸ் கழுவுவாள், பணியாரம் சுடுவாள். என் கடிதம் இருபது நாளில் மலையேறிவிடும். வந்ததும் பிரித்துத் தனக்குள் படித்துவிடுவாள். அடுத்த சந்தை நாளில் கடையில் உரக்க ஒருமுறை. புளியும் தேனும் சாமையும் கொண்டுவந்து இறக்கிய ஜனம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும். கிட்டிப்புள் மாதிரிதான், ஆனால் அடித்தவன் நாலு மூலையும் சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன் என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டு, சாமை போடுகிற சின்னாண்டி அண்ணன், “அப்ப வூடு திரும்பினாதான் கணக்கா? அது நாயமான ஆட்டம்தான்” என்றாராம். அன்றோடு பிடித்துக்கொண்டது. பந்து போடுகிறவனுக்குத் தோள் வலி என்று எழுதினால், இன்ன இலையை அரைத்துப் போடச் சொல் என்று பதில் வரும். முதலிடத்து அணிக்காரன் எந்த ஊர், அவனுக்கு ஏன் இன்னும் யாரும் செய்வினை வைக்கவில்லை என்று விசாரணை வரும். ‘எல்லாருக்கும் உங்க டீம் பேரு வாயில நொழையல. தம்பி டீம்னுதான் சொல்றாங்க’ என்று அக்கா எழுதினாள். அமெரிக்காக்காரன் அணி, ஜவ்வாது மலையில் என் அணி ஆகிவிட்டது.

மலை கண்டுபிடித்த நோய் திருஷ்டி. அக்கா விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்தாள். அதைப் போய் யார் நெற்றியில் பூச? ஒரு சனிக்கிழமை ஃபிராங்க் தன் காரில் என்னையும் டோரிஸையும் மைதானத்துக்கு அழைத்துப்போனார். கிளம்பும் முன்னால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். “இது எதற்கு?” என்றார் ஃபிராங்க். கண்ணேறு கழிக்க என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிரேக்குக்கு நல்லது என்று அவர் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. நாலும் நசுங்கியது. அன்றைக்கும் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றோம், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்திருந்தார்கள் பாவிகள். திரும்பும்போது பாதி வழியில் ஃபிராங்க், “பழம் நன்றாகப் பழுத்திருந்ததா?” என்று கேட்டார். அதன்பிறகு எலுமிச்சை இல்லாமல் அவர் மைதானத்துக்கு வண்டி எடுத்ததே இல்லை.

அந்த வருடம் கோடையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அணி வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது. ‘தோத்தான் தோத்தான்னு படிச்சிப் படிச்சி எனக்கே வாய் கசக்குதுடா’ என்று அக்கா எழுதியிருந்தாள். நானும் மூன்றாம் முறை பரீட்சை எழுதப் பயந்து, விண்ணப்பத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டிருந்த சமயம். பேனாவை எடுத்தேன். மூன்று ஆட்டம் சேர்ந்தாற்போல் ஜெயித்தோம் என்று எழுதினேன். எழுத எழுதக் கை சூடு பிடித்தது. கடைசி அடியில் பந்து விளக்குக் கம்பத்துக்கு மேலே போனது, ஜனங்கள் தொப்பியை வீசினார்கள், ஃபிராங்க் அழுதுவிட்டார். எல்லாம் புளுகு. ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா? மறுநாளே அக்காவின் இன்னொரு கடிதம் வந்தது, இருபது நாளுக்கு முன்பே அவள் போட்டது. தம்பி டீம் மூன்று ஆட்டம் சேர்ந்தாற்போல் ஜெயித்தால் மாரியாத்தாவுக்குக் கெடா வெட்டுகிறேன் என்று சின்னாண்டி அண்ணன் கடையில் எல்லார் முன்னிலையிலும் வேண்டிக்கொண்டிருந்தார். தடுக்கத் தந்தி அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். என்னவென்று அடிப்பது? நாற்பது நாள் கழித்து அக்காவின் பதில் வந்தது. வெட்டிவிட்டார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கெடாவாம், மந்தையிலேயே நல்லது அதுதானாம். ஊரே சாப்பிட்டதாம்.

மாசி மாதம் லீவில் ஊருக்குப் போனேன். போளூரில் பஸ் ஏறி, மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம், சொல்ல வேண்டாம், சொல்லிவிடலாம் என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தேன். அன்றைக்கென்று சந்தை. கடை நிறைய ஆள். சின்னாண்டி அண்ணன் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

“இன்னா தம்பி, இந்த வருசம் மொத எடம் வந்துருமா?”

“அண்ணே, அந்த மூணு ஆட்டமும் ஜெயிக்கல. ஜெயிச்சதா நான்தான் எழுதிட்டேன்” என்றேன்.

மாமா ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“மூணுமா?”

“மூணும்.”

“அப்ப என் கெடா?”

யாரோ பின்னால் கிளுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“ஆத்தாவுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க முடியாது,” என்றார். “முன்கூட்டியே குடுத்ததா இருக்கட்டும். அவுங்க மெதுவா ஜெயிச்சிக்கட்டும். ஆனா ஒண்ணு தம்பி. தோத்தா தோத்துட்டம்னே எழுது. தோக்கறது எங்களுக்கு இன்னா புச்சா? போன வருசம் எனக்குச் சாமை பூரா பூடுச்சி. நான் இன்னா, வெளஞ்சிதுன்னா சொல்லிக்கினு திரிஞ்சேன்?”

அவ்வளவுதான். டீக்கு இன்னொரு கிளாஸ் சொன்னார், பேச்சு வேறு அணிகளின் பக்கம் போய்விட்டது. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சந்தை கலைந்த பிறகு கடைக்குப் பின்புறம் அக்கா புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நார் உரித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

“ஏன்டா, பரீட்ச பாஸ் பண்ணிட்டேன்னு எழுதினியே. அதுவும் இப்டித்தானா?”

என் கையில் நார் அப்படியே நின்றது. எத்தனை தூரம் தாண்டி ஒளித்து வைத்ததை ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். அழுதுவிட்டேன். முப்பது வயசுத் தடியன், புளி ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்து, அது வேறு எரிந்தது.

“கிளாசுதான் கழுவறேன்க்கா. லேப்ல.”

“நான் மட்டும் இங்க இன்னா பண்றேன்? கிளாசுதான் கழுவறேன். அதுக்கா அழுவற?” அவள் குரல் ஏறவில்லை. “உங்கிட்டருந்து இங்க வர்றது அந்தக் கடுதாசி ஒண்ணுதான்டா. அதுலயே நீ இல்லன்னா, இத்தினி நாளா நான் யார்கிட்ட பேசிக்கினு இருந்தேன்?”

இருட்டும்வரை இரண்டு பேரும் புளி உரித்தோம்.

திரும்பி வந்து ஒரு மாதத்தில் புது சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அன்றைக்கே எழுதினேன்: ‘தோத்துட்டோம். நான் குடுவை கழுவுறேன். ஆனியில பரீட்சை எழுதப் போறேன், பயமா இருக்கு.’ தாளில் மீதி இடம் வெறுமையாகவே போயிற்று. மறுநாள் சாப்பாட்டு அறையில் ஃபிராங்க் வழக்கம்போலத் துக்கத்தில் இருந்தார். நான் சிரிப்பதைப் பார்த்து, “என்ன சிரிப்பு?” என்றார். மலையில் நாம் இன்னும் தோற்கவில்லை, இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றேன். கடைசியில் கதை முழுவதையும், கெடா உட்படச் சொல்லவேண்டி வந்தது. ஃபிராங்க் அந்தக் கெடாவின் பெயரைக் கேட்டார். பெயர் வைக்கவில்லை என்றபோது மிகவும் வருத்தப்பட்டார். டோரிஸ் எழுந்துபோய் இன்னொரு தாள் எடுத்து, தன் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். மேலே ‘ஜவ்வாது’ என்று நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினார். அன்றுமுதல் எங்கள் சுவரில் இரண்டு பட்டியல்கள். ஒன்று இன்றைய நிலவரம். மற்றது இருபது நாள் முந்தைய நிலவரம், மலைக்கு இன்று தெரிந்தது. நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே ஒரு இடம் மேலே ஏறியிருப்போம், அங்கே இன்னும் கடைசி. அங்கே ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இங்கே அதே வெற்றி பழசாகி, நாலு தோல்வி மேலே விழுந்திருக்கும். சில மதியங்களில், ரேடியோ ஏதோ முணுமுணுக்க, எந்தத் தாள் என் இன்றைய தேதி என்றே எனக்குத் தெரியாமல் போகும்.

ஆடி மாதம் பரீட்சை முடிவு வந்தது. தேறிவிட்டேன். ஃபிராங்க் என்னைத் தூக்கியே விட்டார். வீட்டுக்கு வந்து ஏர்மெயில் தாளை விரித்ததும் கை நின்றுவிட்டது. ‘பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்.’ அதே வரி, அதே எழுத்து. பொய்யாக எழுதியபோது எவ்வளவு சுலபமாக வந்தது! வேறு மாதிரி எழுதலாமா, சான்றிதழை நகல் எடுத்து வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி ஒட்டினேன். நம்பினால் நம்பட்டும் என்று இல்லை, நம்ப வேண்டுமே என்று.

பதில் வர நாற்பது நாள். டோரிஸ் இன்றைய தாளின் அடியில் என் பெயரையும் எழுதி ‘பாஸ்’ என்று போட்டிருந்தார். ஜவ்வாது தாளின் அடியில் என் பெயருக்கு எதிரே, இருபது நாள் ஆன பிறகும், நான் எழுதவிடவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் அவள் நம்பியிருக்க வேண்டுமே.

புரட்டாசியில் அக்காவின் கடிதம் வந்தது. ‘சந்தை அன்னிக்கி சத்தமா படிச்சேன். நெஜமாத்தானான்னு சின்னாண்டி கேட்டாரு. தோத்தத அத்தினியும் எழுதினான் இல்ல, அப்ப இதுவும் நெஜம்தான்னு சொன்னேன். கடையில எல்லாருக்கும் டீ குடுத்தோம். நீ இங்க இல்லியேன்னுதான் இருந்துச்சி.’

மதியம் ஐஸ் பெட்டிமேல் கையூன்றி எட்டி, ஜவ்வாது தாளில் என் பெயருக்கு எதிரே நானே பென்சிலால் எழுதினேன். ஃபிராங்கும் டோரிஸும் கை தட்டினார்கள். அன்று மாலை ஆட்டத்தில் தோற்றோம், சீசனும் முடிந்தது. மலையில் அது தெரிய இன்னும் இருபது நாள் இருந்தது.