திரும்பி வந்த டிக்கெட்டுகள்

நான் முதலில் கண்டக்டராகப் போன பஸ்ஸில், டிக்கெட் என்பது இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய பொருள். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் மருமகனே சிரிக்கிறார். ஆனால் அறுபதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடி வழியாகச் சுற்றி, சேலம் ரோட்டைப் பிடித்துத் தருமபுரிக்கு ஓடிய எங்கள் முதலாளியின் வண்டியில் அப்படித்தான் நடந்தது.

முதலாளிக்குத் தாளில் டிக்கெட் அச்சடித்துக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் கனமான அட்டையை வெட்டி, ஊருக்கு ஒரு நிறம் வைத்து, தன் முத்திரையைக் குத்தி, மேலே வார்னிஷ் அடித்து வைத்திருந்தார். பொம்மிடிக்குச் சிவப்பு, அதியமான்கோட்டைக்குப் பச்சை, தருமபுரிக்கு மஞ்சள். ஏறும்போது காசை வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுப்போம். இறங்கும்போது அட்டையை வாங்கிக்கொண்டு ஆளை விடுவோம். அட்டை தொலைந்தால் மறுபடியும் காசு. அதனால் ஜனங்கள் அதை உயிரைப் போலக் காப்பாற்றினார்கள். பெண்கள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். ஆண்கள் தலைத்துண்டில் செருகிக்கொள்வார்கள். துணிக்கடை பாய் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவப் பெண்கள் ஜெபப் புத்தகத்தில் வைத்திருப்பார்கள். கைக்குழந்தை கடித்து ஈரமாக்கிய அட்டையைச் சேலையில் துடைத்துத் தருவார்கள். வருஷக்கணக்கில் அதே அட்டைகள்தான் ஆள் மாறி ஆள் மாறிப் பயணம் செய்தன.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைவிட, பிறவியிலேயே பயந்தவன். விசில் தொலைந்துவிட்டால் வண்டியை எப்படி நிறுத்துவது என்று கழுத்தில் ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக இரண்டு விசில் வைத்திருப்பேன். கதவுக்கு வெளியே ஒரு சேலைத் தலைப்பு பறந்தால் எனக்குத்தான் நெஞ்சு அடைக்கும். எங்கள் டிரைவர் எனக்கு நேர்மாறு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வண்டியில் தமிழில் கிண்டல் பேசுகிறவர். "நீ பயப்படுற பயத்துல ஒரு இன்ஜின் ஓட்டலாம்டா" என்பார்.

எழுபதுகளில் எங்கள் வண்டி அரசாங்கத்தின் கைக்குப் போனது. வண்டியோடு டிரைவரும் நானும் போனோம். டிரைவருக்குக் கவலையில்லை, லைசென்ஸ் இருந்தது. எட்டாவது தேறாத கண்டக்டர்களை மட்டும் தற்காலிகமாக வைத்துப் பார்ப்போம் என்றார்கள். ஒரு ரிப்போர்ட் வந்தால் போதும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். மாதச் சம்பளம் என்ற வார்த்தையை அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்திருந்தாள். எனக்கோ அந்த ஒரு ரிப்போர்ட் எந்தத் திசையிலிருந்து வரும் என்ற யோசனையிலேயே சோறு இறங்கவில்லை.

சேலத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், அங்கே பஸ்ஸில் காசு வாங்கும் முறையை விளக்கினார். மெல்லிய தாளில் டிக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், பஞ்ச் வைத்து ஓட்டை போட வேண்டும், வழியில் எந்த இடத்திலும் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவார். "மெட்ராஸ்ல வண்டியில ஏறுற ஒருத்தன் முகத்தையும் கண்டக்டருக்குத் தெரியாது. முகத்தை நம்பி வண்டி ஓட்ட முடியாதுய்யா. தாளை நம்பித்தான் ஓட்டணும்" என்றார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. முகம் தெரியாத ஜனங்களோடு ஒரு மனிதன் காலையிலிருந்து சாயங்காலம் வரை எப்படி வண்டியில் போவான்?

எல்லாம் சொன்னார். இறங்குகிறவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. மெட்ராஸில் அப்படி யாரும் கொடுப்பதில்லை, அவருக்கு அது தோன்றியிருக்காது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொடுக்காமல் இறங்குவார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியாதே.

புது டிக்கெட்டோடு வண்டி எடுத்த முதல் நாளே அது ஆரம்பித்தது. தருமபுரிச் சந்தைக்குப் புளி கொண்டுபோகும் அக்கா ஒருவர் எங்கள் வண்டியில் தவறாமல் வருவார். இறங்கும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த டிக்கெட்டை என் கையில் வைத்தார்.

"அக்கா, இது உங்களுக்குத்தான். வெச்சுக்குங்க."

"வெச்சுக்கினு நான் என்னா பண்ணட்டும்?"

"இப்ப இதுதாங்க முறை. அரசாங்க வண்டி."

"அரசாங்கம்னா? டீக்கடையில டீ குடிச்சுட்டு கிளாஸ எடுத்துக்கினு வூட்டுக்குப் போவாங்களா யாராச்சும்? புடி கண்ணு."

பின்னால் நின்ற கூட்டமும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் கவலை பிடித்தது. இதை எங்கே போடுவது? நம்பர் போட்ட தாள், அரசாங்க முத்திரை வேறு. ரோட்டில் போட்டால் ஜனங்கள் மிதிப்பார்கள். அது குற்றமோ என்னவோ. முதலில் சில நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

"முத்திரையப் போயி கொளுத்துறீங்களே, எதுனா ஆயிடப்போவுது" என்றாள் என் மனைவி.

விளையாட்டாகத்தான் சொன்னாள். என்னிடம் விளையாட்டாகச் சொல்லக்கூடாது. அன்றிலிருந்து எரிக்கவும் பயம், எறியவும் பயம். தோல் பையின் பின்னறையில் சேர்த்துக்கொண்டே போனேன். என்றாவது ஒரு நாள் டிப்போவில் கேட்பார்கள், கொடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. பை உப்பிக்கொண்டே வந்தது.

"என்னடா இது? உன் பொண்டாட்டிக்கு முன்னாடி உன் பை பெத்துரும் போலக்குதே" என்றார் டிரைவர்.

ஒரு காலை டிரிப்பில், அதியமான்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் ஒரு ஜீப் நின்றது. காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டினார். எங்கள் வண்டியில் செக்கிங் ஏறியது அதுதான் முதல் தடவை. நான் செய்த தவறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கழுத்தில் விசில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் எல்லாரிடமும் டிக்கெட்டைக் கேட்டுப் பார்த்தார். டிக்கெட் இல்லாத ஆள் ஒருத்தர்கூட இல்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு, "பையைக் காட்டு" என்றார்.

பின்னறைக்குள் கையை விட்டவர், ஒரு கொத்து பழைய டிக்கெட்டோடு கையை எடுத்தார். சில தாள்கள் அவர் பூட்ஸ் மேல் விழுந்தன.

"என்னய்யா இது?"

"டிக்கெட்டுங்க."

"அது எனக்கும் தெரியுது. யாரோட டிக்கெட்?"

"எறங்கினவங்களோடதுங்க."

"எறங்கினவன் டிக்கெட் உன் பையில எதுக்கு?" அவர் குரல் இறங்கிவிட்டது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்குய்யா வித்தே?"

பழைய டிக்கெட்டை வாங்கி, அதையே அடுத்த ஆளிடம் கொடுத்து, காசைத் தன் பையில் போட்டுக்கொள்வது என்று ஒரு திருட்டு இருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு காலம் அந்தத் திருட்டின் தடயத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். பேச வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை.

புளிக்கார அக்கா எழுந்துவிட்டார். "ஏன் சாமி அவரத் திட்டுறீங்க? அதெல்லாம் நாங்க குடுத்ததுதான்."

"நீங்களா? எப்பம்மா?"

"எப்பவுந்தாங்க. எறங்கும்போது திருப்பிக் குடுத்துடுவோம். ஒரு நாளும் ஏமாத்திக்கினு போனதில்ல."

"இவர் வாங்கிக்குவாரா?"

"வாங்காம?"

"வாங்கி, அதையே வேற ஆளுக்குக் குடுப்பாரா?"

"பின்ன? எத்தினி வருசமா அதத்தான மாத்தி மாத்திக் குடுத்தாரு. தங்கமான மனுசன்."

அவர் சொன்னது முதலாளியின் அட்டைகளை. அது எனக்குப் புரிந்தது, வண்டியில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் புரியவில்லை. புரிய வைக்க வேண்டிய என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

டிரைவர் சீட்டிலிருந்து திரும்பினார். "யக்கா, நீ கொஞ்சம் வாய மூடுக்கா. அவன ஜெயிலுக்கு அனுப்பிட்டுத்தான் புளி விக்கப் போவியா?"

துணிக்கடை பாய்க்கும் என்மேல் பிரியம் அதிகம். எழுந்து சலாம் வைத்தார். "சார், நம்ம கண்டக்டர் மேல சந்தேகமே வேண்டாம். இதோ என் டிக்கெட்டு தொப்பியில பத்திரமா இருக்குது. எறங்கும்போது கரெக்டா அவருகிட்ட ஒப்படைச்சுடுவேன்."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஊரே சேர்ந்து இந்தத் திருட்டைச் செய்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார். தருமபுரி போய்ச் சேர்ந்ததும் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை மனைவியிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? டிப்போ வாசலில் சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்வார்களா, வீட்டுக்குப் போய்க் கழற்றி அனுப்பச் சொல்வார்களா? அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனை இவ்வளவுதான்.

அதியமான்கோட்டை நிறுத்தம் வந்தது. இறங்குகிறவர்களையும் சோதிக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால் கீழே குதித்து, முன்பக்கப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். "டிக்கெட்!"

முதலில் இறங்கிய அம்மா அவர் உள்ளங்கையில் டிக்கெட்டை வைத்துவிட்டு நடந்தார். "இந்தாம்மா, எடுத்துக்கிட்டுப் போ" என்று அவர் திரும்புவதற்குள் அடுத்த ஆள் வைத்துவிட்டார். அதற்கடுத்து ஒரு பெரியவர். தலைத்துண்டிலிருந்து டிக்கெட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து கொடுத்தார்.

"ஐயா, இது உங்களோடது. என்கிட்ட ஏன் குடுக்குறீங்க?"

"பெரிய ஆபீசர் நீங்க நிக்கும்போது கண்டக்டர் கையில குடுத்தா மரியாதையாங்களா?" என்றார் பெரியவர்.

மீதி ஆட்களும் வைத்துவிட்டுப் போனார்கள். இன்ஸ்பெக்டர் ஏறியதும் நான் ரைட் கொடுத்தேன். விசில் பாதிதான் ஊதியது. வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் ஒரு கூச்சல். ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். டிரைவர் பிரேக் போட்டார். யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். அவள் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வந்து, வியர்வையில் நனைந்த ஒரு டிக்கெட்டை உள்ளே நீட்டினாள்.

"கொழந்த அழுவுற அவசரத்துல பின்பக்கமா எறங்கிட்டேனுங்க. ஏமாத்திக்கினு போயிட்டேன்னு நெனச்சுக்காதீங்க சாமி."

அவர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

வண்டி மறுபடி கிளம்பியது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டுகளைச் சட்டைப்பையில் போடப் போனார். போட்ட கையை, தணலைத் தொட்டதுபோல உடனே வெளியே இழுத்தார். இன்னொரு செக்கிங் ஏறினால் தன் பையில் என்ன இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தரையில் போடலாம் என்று குனிந்தார். புளிக்கார அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துவிட்டார்.

"யோவ், இங்க வா" என்றார் என்னைப் பார்த்து. "இதை நான் இப்ப என்ன பண்றது?"

"அதுதாங்க எனக்கும் தெரியல" என்றேன். அந்தப் பஸ்ஸில் எனக்குக் குரல் திரும்பி வந்தது அந்த இடத்தில்தான். பிறகு நிற்கவில்லை. அட்டை, வார்னிஷ், சிவப்பு, பச்சை, அடுப்பு, என் மனைவி சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ட்ரெய்னிங்ல ஏன்யா இதைச் சொல்லலே?"

"யாரும் கேக்கலிங்களே."

தருமபுரி ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். பாய் சொன்னபடி தொப்பியைக் கழற்றி டிக்கெட்டை எடுத்து, அதையும் இன்ஸ்பெக்டர் கையிலேயே வைத்துவிட்டுப் போனார். காலியான வண்டியில் அவர் தான் எழுதிய தாளை ஒருமுறை படித்தார். கிழித்தார். அதோடு சேர்த்து, என் பையிலிருந்ததையும் தன் கையிலிருந்ததையும் கொத்துக் கொத்தாகக் கிழித்தார். ரிப்போர்ட் போய்விட்டது என்ற நிம்மதிகூட எனக்கு உடனே வரவில்லை. முத்திரையைக் கிழிக்கிறாரே என்ற அதிர்ச்சிதான் முதலில் வந்தது.

"குடுத்தா வாங்கிக்கோ. வாங்கின கையோட அவங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போடு. ஒண்ணுகூட பைக்குள்ள போகக்கூடாது. அடுத்த தடவை நான் வரமாட்டேன், வேற ஆள் வருவான். அவன் கீழே எறங்கி நின்னு இதையெல்லாம் பார்க்கமாட்டான்."

மறுநாள் தருமபுரியில் புளிக்கார அக்கா வழக்கம்போல டிக்கெட்டை நீட்டினார். வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கிழித்தேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"அடப்பாவி! நேத்து உனக்காக அந்த ஆபீசர்கிட்ட அவ்ளோ பேசுனேனே. என் முன்னாடியே கிழிக்கிறியே!"

"முறைங்க அக்கா."

"என்னா முறையோ!" என்று கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சந்தை முழுக்கச் சொல்லியிருப்பார். ஒருத்தர் ஒருத்தராக எனக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார்கள். கிழிக்கிறவன் கையில் எதற்குக் கொடுக்க வேண்டும்? பை இளைத்தது. என் மகள் பிறந்த பிறகு, என்னை நிரந்தரம் செய்த உத்தரவும் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில், இறங்கப் போன புளிக்கார அக்காவிடம் சர்க்கரையை நீட்டினேன். அவருக்கு என்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது. சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்னாண்ட குடுக்கலன்னு வருத்தப்படாத கண்ணு. எல்லாத்தையும் வூட்டுல டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுகூட தொலையல. வண்டி மறுபடியும் மொதலாளி கைக்கு வந்துச்சுன்னா, அவருகிட்டயே குடுத்துடறேன்."

ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன், ஜீப் எதுவும் நிற்கிறதா என்று.