ராஜாளிக்குப் பார்த்த நாள்

மாட்டுங்கா அனந்தகிருஷ்ணனை வீரர் என்று யாரும் சொன்னதில்லை. மாடிப்படியில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். அவருக்கு வாய்த்த உத்தியோகமோ செம்பூர் கல் குவாரியில். குமாஸ்தாதான், ஆனால் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. வெடி வைக்கும் சுயம்பு, தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரன், நேரம் கேட்காமல் திரியைப் பற்றவைக்க மாட்டான். முதலாளி சேட்டும் நாள் நட்சத்திரம் என்றால் நடுங்குகிறவர்.

நாற்பத்து மூன்றில், யுத்தத்துக்கு ரோடு போடக் கல் வேண்டுமென்று மேற்குப் பாறையை உடைக்க உத்தரவு வந்தது. அந்தச் செங்குத்துப் பாறையின் இடுக்கில் ஒரு ராஜாளி ஜோடி இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. தயிர்சாதம் சாப்பிட்டபடியே அனந்தகிருஷ்ணன் தினமும் அண்ணாந்து பார்க்கும் குடும்பம் அது. சொந்தக் குடும்பத்தை அவ்வளவு கவனித்ததாகத் தகவல் இல்லை.

"சாமி, நாளைக்கு மேக்குப் பாறைல வெடி வச்சிரலாமா?" என்றான் சுயம்பு.

"புதுசா எதையும் ஆரம்பிக்க இந்த மாசி பூரா ஆகாதுடா. பழைய எடத்துலயே வை."

எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத தோஷம். சேட்டிடமும் அதையே சொன்னார். சேட் அதை நம்பியதோடு நிற்காமல், ஃபோர்ட் ஆபீஸில் தம் ஹெட்கிளார்க் ஜகந்நாதனிடமும் சொல்லி வைத்தார். அந்த ஜகந்நாதன் பிள்ளைக்கும் அனந்தகிருஷ்ணன் மகள் விஜயலக்ஷ்மிக்கும் அதே மாசியில் நிச்சயதார்த்தம்.

ஜகந்நாதன் வீட்டுக்கே வந்துவிட்டார். "மாசில எதையும் ஆரம்பிக்கப்படாதுன்னு சேட்கிட்டச் சொன்னேளாமே. அப்ப நம்ம காரியம்?"

சேட்டிடம் சொன்னது புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். மறுநாளே பாறையும் போய்விடும். குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முற்றவில்லை. அடுக்களையில் மனைவி அபயாம்பாள் காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வாஸ்தவம்தான். சித்திரைல வச்சுக்கலாமே," என்றார் அந்த மகாவீரர்.

ஜகந்நாதனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? வேறு ஜோசியரைக் கேட்டு, வேறு பெண்ணைப் பார்த்து, மாசிக்குள்ளேயே தட்டை மாற்றிக்கொண்டார். அபயாம்பாள் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். ரசத்தில் உப்பையும் நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

மாசிக் கடைசியில் குஞ்சுகள் பறந்தன. பங்குனி பிறந்ததும் பாறை தூளாயிற்று. ஒருவருக்கும் காயமில்லை என்பதால் சேட் குமாஸ்தாவின் சாஸ்திர ஞானத்தை மெச்சிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனந்தகிருஷ்ணன் மகளைச் செம்பூருக்கு அழைத்துப்போய், நடந்ததையெல்லாம் சொன்னார். பாறை இருந்த இடத்துக்கு மேலே இளம் ராஜாளிகள் இரண்டும் வட்டமடித்தன. விஜயலக்ஷ்மி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல எதுப்பா எனக்கு வந்த வரன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.